சொட்டு மருந்தா, கண்ணுக்குள்ள ஊசியா? மாமாவுக்குப் புரை ஆபரேஷன்

வண்டிப்பெரியார் மருமகன்:
மாமாவுக்கு வலது கண்ணுல புரை முத்திப்போச்சு. தேயிலை எஸ்டேட்ல ரிட்டையர் ஆனவர். பி.பி.க்கு ஒரு மாத்திரை, ராத்திரி யூரின் சரியாப் போக ஒரு மாத்திரை எடுக்கிறார். கோட்டயம் ரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில கேட்டோம்: ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உக்காரவச்சு, சொட்டு மருந்து விட்டு விட்டுக் கண்பாப்பாவை விரிக்கணும்னாங்க. குமுளி இறங்கிக் கம்பம் பக்கம் இன்னொரு இடத்துல, சொட்டு வேண்டாம், டேபிள்ல படுக்கவச்ச பிறகு கண்ணுக்குள்ளயே மருந்து செலுத்தி விரிச்சுக்குவோம், அதுக்குத் தனியாக் காசுங்கிறாங்க. எதுக்குப் போறது?

தியேட்டர் அக்கா:
சொட்டுக்குத்தான் போங்க தம்பி. கண் தியேட்டர்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவ சொல்றேன். டிராப்பிகமைடு 0.8 சதவீதம், பினைலெஃப்ரின் 5 சதவீதம், ரெண்டும் ஒரே பாட்டில்ல வரும். முதல் மருந்து பாப்பாவைச் சுருக்குற தசையைத் தளர்த்தும், ரெண்டாவது விரிக்கிற தசையை இழுக்கும். பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை விட்டா அரை மணி, முக்கா மணியில நல்லா விரிஞ்சிடும். நம்ம ஆளுகளுக்குக் கண்ணுல கருப்பு ஜாஸ்தி, மருந்து அந்த நிறத்துல போய் ஒட்டிக்கிட்டு மெதுவாத்தான் வேலை செய்யும், அதான் ஒரு மணி நேரம்னு சொல்றாங்க. அவசரம் எதுக்கு?

கூடலூர் பார்மசி:
அக்கா, மாமாவுக்கு பி.பி. இருக்குன்னு எழுதியிருக்காரே! 5 சதவீதம்னா ஒரு மில்லியில 50 மில்லிகிராம். ஒரு சொட்டு 0.05 மில்லின்னு வச்சாலும் 2.5 மில்லிகிராம் பினைலெஃப்ரின். நாலு தடவை விட்டா 10. உள்ள செலுத்துற கலவையில 0.31 சதவீதம்தான், அதுவும் 0.2 மில்லி. மொத்தமே 0.62 மில்லிகிராம். உங்க ஒரே சொட்டு அதைவிட நாலு மடங்கு.

தியேட்டர் அக்கா:
கால்குலேட்டர்ல கணக்குப் போட்டா அப்படித்தான் வரும். விட்ட சொட்டுல பாதிக்கு மேல கன்னத்துல வழிஞ்சு போகும், பஞ்சை வச்சு துடைச்ச எனக்குத் தெரியாதா? பி.பி.யை ஏத்துதுன்னு பயந்தது 10 சதவீத மருந்தைத்தான். இதயக்காரங்களுக்கு அதைத் தொடவே மாட்டோம்.

கூடலூர் பார்மசி:
வழியிறது போக மிச்சம் கண்ணீர்க் குழாய் வழியா மூக்குக்குப் போய் நேரா ரத்தத்துல கலக்குது. கல்லீரல் வடிகட்டுறதுக்கு முன்னாடியே. அதைத்தான் சொல்றேன்.

கோட்டயம் பி.ஜி.:
நான் கண் மருத்துவத்துல மேல்படிப்பு படிக்கிறேன். உள்ள செலுத்துற முறையை 2003ல ஸ்வீடன்ல லுண்ட்பெர்க், பெண்டிக்னு ரெண்டு பேர் எழுதினாங்க. இப்போ டிராப்பிகமைடு, பினைலெஃப்ரின், மரத்துப்போக லிடோகெய்ன் மூணும் சேர்ந்து வருது. சின்னக் கீறல் போட்டு அது வழியாச் செலுத்துவாங்க, தனியா ஊசி குத்துறதில்ல. அரை நிமிஷத்துல பாப்பா விரியும். வயசானவங்களை ஒரு மணி நேரம் வரிசையா உக்காரவைக்க வேண்டாம், கண் மேற்பரப்பும் எரியாது. நான் இதுக்குத்தான் ஓட்டு.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. முன்னாடி செக்கப்ல சொட்டு விட்டுப் பாப்பா நல்லா விரிஞ்ச ஆளுக்குத்தான் இதை நம்பலாம். சொட்டுக்கே விரியாத கண் இதுக்கும் பெருசா விரியாது.

சுருளிப்பட்டி:
அப்ப சொட்டு எப்படியும் விட்டாகணும், அதுக்கு மேல ஊசிக்கும் காசு. நல்லா இருக்கு யாவாரம்!

கோட்டயம் பி.ஜி.:
விழித்திரையைப் பார்க்கச் செக்கப்ல எல்லாருக்கும் சொட்டு விடத்தான் செய்வோம் அண்ணே. ஆபரேஷன் அன்னைக்கு வேண்டாங்கிறதுதான் பேச்சு.

தியேட்டர் அக்கா:
தம்பி, நீங்க பேக்கோவை மனசுல வச்சுப் பேசுறீங்க. அதுல லென்ஸை உள்ளேயே உடைச்சு உறிஞ்சிடலாம். மலையில இருந்து வர்றவங்க பார்வை மொத்தமாப் போன பிறகுதான் வருவாங்க. புரை காப்பிக்கொட்டை மாதிரி பழுத்து இறுகிப்போய் இருக்கும். அதுக்குத் தையல் போடாத எஸ்.ஐ.சி.எஸ்., அதாவது சின்னக் கீறல் போட்டுப் பண்ற ஆபரேஷன் பண்ணி, லென்ஸோட நடுக்கருவை முழுசாப் பாப்பா வழியா முன்னால கொண்டுவந்து எடுக்கணும். பாப்பா 5 மில்லிமீட்டர்ல நின்னா எப்படி வரும்? சர்க்கரைக்காரங்களுக்கும், பாப்பா ஓரத்துல வெள்ளைப் பொடி படிஞ்ச கண்ணுக்கும் பல நேரம் சரியா விரியாது. அந்தப் பொடி வயசானவங்ககிட்ட நம்ம பக்கம் நிறையவே பார்த்திருக்கேன். சொட்டு விட்டு உக்காரவச்சா, விரியாத கண் எதுன்னு டேபிளுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். கத்தி வச்ச பிறகு தெரிஞ்சா டாக்டர் என்ன செய்வார்?

இன்னொண்ணு. நடுவுல பாப்பா சுருங்கிக்கிட்டே வரும். அதுக்குத்தான் ஃப்ளர்பிப்ரோஃபென், நெபாஃபெனாக் மாதிரி வீக்கத்தைக் குறைக்கிற சொட்டையும் முன்னாடியே சேர்த்து விடுறது. ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள ஓடவிடுற சலைன் பாட்டில்ல அரை மில்லி அட்ரினலின் கலக்குறதும் அதுக்குத்தான்.

கூடலூர் பார்மசி:
எல்லாம் சரி, ஒரே பாட்டிலை வரிசையா எத்தனை பேருக்கு விட்டீங்கக்கா? முனை ஒருத்தர் இமையில பட்டா அடுத்தவர் கண்ணுக்குக் கிருமி போகாதா?

தியேட்டர் அக்கா:
முனை படாம விடுறதுதான் நர்ஸ் வேலை. உள்ள செலுத்துற மருந்துல, கெடாம இருக்கப் போடுற பிரிசர்வேட்டிவ் கலந்திருந்தாலோ அளவு தப்பினாலோ கண் உள்ளேயே வெந்து வீங்கும், தெரியுமில்ல? சொட்டுல தப்பு நடந்தா கழுவிவிடலாம்.

கோட்டயம் பி.ஜி.:
அதுக்குத்தான் கம்பெனி சீல் வச்ச ஒருதடவைக் குப்பி. தியேட்டர்ல கலந்தாத்தான் அந்தப் பயம்.

இவ்வளவு சண்டை போடுறோம், முக்கியமானதை யாரும் கேக்கல. மாமா ராத்திரி எடுக்கிற யூரின் மாத்திரை என்ன பேரு?

வண்டிப்பெரியார் மருமகன்:
அட்டையைப் பார்த்தேன். டாம்சுலோசின், டூட்டாஸ்டெரைடுன்னு போட்டிருக்கு. ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் இதைப் பத்திக் கேக்கல, பி.பி., சுகர் மட்டும் கேட்டாங்க. அதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

கோட்டயம் பி.ஜி.:
நிறையவே இருக்கு. யூரின் பையை ஒட்டின புராஸ்டேட் சுரப்பியில டாம்சுலோசின் பிடிக்கிற அதே ஏற்பி (மருந்து போய் ஒட்டுற இடம்), ஐரிஸ்ல, அதாவது பாப்பாவைச் சுத்தின நிறத் திரையில, பாப்பாவை விரிக்கிற தசையிலயும் இருக்கு. 2005ல சாங், காம்பெல்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் இதைக் கண்டுபிடிச்சாங்க. ஆபரேஷன் நடுவுல ஐரிஸ் தொளதொளன்னு அலையடிக்கும், கீறல் வழியா வெளிய வரப் பார்க்கும், பாப்பா சுருங்கிக்கிட்டே போகும். சொட்டு விட்டு நல்லா விரிஞ்ச மாதிரி காட்டிட்டு நடுவுல காலை வாரும். இந்தக் கேஸ்ல கண்ணுக்குள்ள பினைலெஃப்ரின் கொடுத்தா ஐரிஸ் கொஞ்சம் விறைப்பா நிக்கும்.

கூடலூர் பார்மசி:
அப்ப ஒரு வாரம் முன்னாடி மாத்திரையை நிறுத்திட்டாப் போதுமே.

கோட்டயம் பி.ஜி.:
போதாது சார். நிறுத்தின பிறகும் இது வந்திருக்கு. நிறுத்தினா யூரின் அடைச்சுக்கிட்டு அது வேற அவதி. அவராவே எதையும் நிறுத்த வேண்டாம், டாக்டர் கையில அட்டையைக் கொடுத்தாப் போதும்.

தியேட்டர் அக்கா:
இந்தக் கேஸுக்கு மட்டும் ஊசி இருக்கட்டும், ஆனா சொட்டும் வேணும். கூடவே பாப்பாவை விரிச்சுப் பிடிக்கிற கொக்கியும் வளையமும் தியேட்டர்ல தயாரா இருக்கான்னு கேளுங்க. மல்யூகின் வளையம் விலை ஜாஸ்தி. கொல்கத்தா டாக்டர் பட்டாச்சார்ஜி பண்ணின அறுகோண வளையமும் இருக்கு. எது இருந்தாலும் சரி, தெரிஞ்ச கை போடணும்.

சுருளிப்பட்டி:
கேட்டா "நீங்க டாக்டரா?"ம்பாய்ங்க.

வண்டிப்பெரியார் மருமகன்:
கேட்டுப் பார்க்கிறேண்ணே. திங்கக்கிழமை கோட்டயம் ரோட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் செக்கப்புக்குப் போறோம். ஊசியும் அங்க உண்டான்னு கேக்கணும்.

கூடலூர் பார்மசி:
சொட்டு விட்டதும் மாமா கண்ணை மூடிக்கிட்டு, மூக்கை ஒட்டின கண் ஓரத்தை விரலால ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. மருந்து மூக்குக்கு இறங்குறது குறையும். விடுறதுக்கு முன்னாடி பி.பி. பார்த்தாங்களான்னும் கவனிங்க.

தியேட்டர் அக்கா:
அதை நானும் ஒத்துக்கிறேன். திரும்பி வரும்போது பைக்ல கூட்டிட்டு வராதீங்க. நாலஞ்சு மணி நேரத்துக்குக் கண் கூசும், கிட்டத்துல இருக்கிறது தெரியாது. கறுப்புக் கண்ணாடி போட்டுப் பஸ்ல ஜன்னல் இல்லாத பக்கமா உக்காரவைங்க.