நெகட்டிவ் பை யார் வீட்டுக்கு?

ராஜி அத்தை: எல்லாரும் கேளுங்க. போட்டோ மாமா போன் பண்ணினார். இந்த மாசக் கடைசியோட அவர் போட்டோக் கடையை மூடுறாராம். நம்ம வீட்டு பழைய போட்டோ நெகட்டிவ் ஃபிலிம் ஒரு பை நிறைய அங்கேயே இருக்காம். யாராவது வந்து எடுத்துக்கோங்கன்னார்.

செல்வி சித்தி: அய்யோ

குமார்: நிஜமாவா? மூடுறாரா?

ராஜி அத்தை: பின்ன பொய்யா சொல்வாங்க. கண்ணு சரியில்லையாம். லென்ஸ் வச்சுப் பார்த்தாலும் கேமரா ஷட்டர் திருகாணி தெரியலையாம். பையனும் கடைக்கு வரமாட்டேன்னுட்டான்.

பெரியப்பா: குரல் பதிவு (4:12)

செல்வி சித்தி: அத்தான், இங்க சத்தமா இருக்கு. டைப் பண்ணுங்களேன்.

பெரியப்பா: சரி. பொறுமையா படிக்கணும். நெகட்டிவை யாரும் நடுவுல விரல் வச்சுத் தொடாதீங்க, ஓரத்தைப் பிடிங்க. பையைத் திறந்ததும் வினிகர் வாடை அடிச்சா அந்த ரோலை உடனே தனியா எடுத்து வைங்க. அசிடேட்ங்கிற பிளாஸ்டிக்ல செஞ்ச பழைய ஃபிலிம் கெட ஆரம்பிச்சா அப்படித்தான் நாறும். அந்த ஆவி பக்கத்துல இருக்கிறதையும் கெடுத்துரும். பரண் மேல போடவே கூடாது, சூடு ஆகாது. எல்லாம் எனக்கு அந்த மனுஷன் சொல்லிக் குடுத்ததுதான். காலேஜ் லீவு முழுக்க அவர் இருட்டறையிலதான் கிடந்தேன்.

பாபு சித்தப்பா: மோட்டார் ரிப்பேர்காரர் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா? தண்ணி ஏறல

ராஜி அத்தை: டேய் பாபு, மேல படி.

தீபா: அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியில என் போட்டோ இன்னும் இருக்கா அத்தை? பல்லு விழுந்து சிரிக்கிறது?

ராஜி அத்தை: இருக்குடி. வெயில்ல நீலமா வெளுத்துப் போச்சு. நம்ம தெருவுல பாதிப் பேரு அந்தப் பெட்டியிலதானே இருக்காங்க. ஒரு தடவை பக்கத்து வீட்டு அக்கா சண்டை போட்டுட்டு வந்து தன் படத்தை எடுக்கச் சொன்னா, ஞாபகம் இருக்கா?

செல்வி சித்தி: அவ மாமியார் படம் மேல் தட்டுல இருந்துச்சுன்னுதானே

பெரியப்பா: விஷயத்துக்கு வாங்க. குமார், நீ எல்லாம் ‘நிஜமாவா’ன்னு கேட்கிறதுதான் எனக்கு ஆச்சரியம். போன கேமரா வாங்கும்போது அவர் கடையில முக்கால் மணி நேரம் கையில வச்சுப் பார்த்துட்டு வந்து ஆன்லைன்ல ஆர்டர் போட்டது யாரு?

குமார்: பெரிய மாமா, விலை அவ்ளோ வித்தியாசம். எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க.

ராஜி அத்தை: வாங்கினே சரி. ஃபோகஸ் ஆளுக்குப் பின்னாடி விழுதுன்னு எங்க தூக்கிட்டு ஓடினே? அவர்கிட்டதானே. மேஜையில ஸ்கேலைச் சாய்ச்சு வச்சு, நடுக்கோட்டுக்கு ஃபோகஸ் பண்ணி, எடுத்து எடுத்துப் பார்த்து சரி பண்ணிக் குடுத்தார். காசு கேட்டாரா?

குமார்: குடுத்தேன்மா, அவர்தான் வாங்கல.

பெரியப்பா: குமாரை மட்டும் சொல்லல. ஜப்பான் கம்பெனிங்க 2010ல வெளியே அனுப்பின டிஜிட்டல் கேமரா 12 கோடிக்கு மேல. 2021ல ஒரு கோடிகூட இல்லை. எல்லாம் போன் தின்னுருச்சு. ஃபிலிம் கம்பெனி கோடாக்கே 2012ல திவால் மனு போட்டான். இத்தனைக்கும் டிஜிட்டல் கேமராவை 1975ல முதல்ல செஞ்சு பார்த்தவன் அவன் இன்ஜினியர்தான். அப்படிப்பட்டவனே கவிழ்ந்தான், ஒரு ஷட்டர் வச்ச கடை இவ்வளவு நாள் நின்னதே அவர் கை வேலையாலதான்.

செல்வி சித்தி: எங்களுக்கு பாஸ்போர்ட் போட்டோவுக்கு இனி யாரு? தீபா கைக்குழந்தையா இருக்கும்போது வெள்ளைத் துணியில படுக்க வச்சு, ஸ்டூல் மேல ஏறி நின்னு எடுத்தார். சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டே. போன வருஷம் நான் ஆப்ல எடுத்து அனுப்பினது நிழல் விழுந்திருக்குன்னு திரும்பி வந்துச்சு.

பாபு சித்தப்பா: நம்பர் கிடைச்சிருச்சு

பாபு சித்தப்பா: என்னது, கடையை மூடுறாரா??

ராஜி அத்தை: இன்னொண்ணு. அந்தப் பையில, எடுத்துட்டு கழுவிப் படமாக்காத ஃபிலிம் ரோல் ரெண்டு இருக்காம். அப்பா எடுத்ததாம். படம் அனுப்பியிருக்கார், பாருங்க.

ராஜி அத்தை: புகைப்படம்

பெரியப்பா: பெருசு பண்ணிப் பார்த்தேன். இடது பக்கம் உள்ளது சாதாரண கலர் நெகட்டிவ், சி-41ங்கிற முறையில கழுவுறது. அதை இன்னும் கழுவுறாங்க. டெவலப்பர் கரைசல்ல 37.8 டிகிரியில மூணேகால் நிமிஷம். பழசானதால நிறம் மங்கலா வரும், பரவாயில்ல. வலது பக்கம் உள்ளதுதான் வயித்தைக் கலக்குது. கோடாக்ரோம், கோடாக்கோட பழைய கலர் ஃபிலிம்.

தீபா: அதுக்கென்ன பெரியப்பா

பெரியப்பா: மத்த கலர் ஃபிலிம்ல சாயத்துக்கான சரக்கு உள்ளேயே இருக்கும். கோடாக்ரோம்ல கிடையாது. கழுவும்போதுதான் ஒவ்வொரு நிறமா ஏத்துவாங்க. ஃபிலிமை 2009ல நிறுத்தினான், கடைசி லேப் 2010 முடியும்போது கழுவ ரோல் வாங்குறதை நிறுத்திருச்சு. இனிமே கலர் வராது. கறுப்பு வெள்ளையா கழுவினா உருவம் கொஞ்சம் கிடைக்கலாம்.

செல்வி சித்தி: எங்க மாமனாரே எடுத்ததா? அப்போ அதுல மாமியார் இருப்பாங்க.

ராஜி அத்தை: அப்போ நானும் இருக்கலாம்.

தீபா: நான் லீவுல வரும்போது வாங்கிட்டு வந்து இங்க நல்ல லேப்ல குடுக்கிறேன்.

பெரியப்பா: வேண்டாம்! பல ஏர்போர்ட்ல இப்ப கைப்பைக்கே பலமான எக்ஸ்ரே அடிக்கிற CT ஸ்கேனர் வந்தாச்சு. கழுவாத ஃபிலிம் புகை மூடினாப்ல ஆயிரும். கையால சோதிக்கச் சொல்லிக் கேட்கணும், ஒத்துக்கிட்டாத்தான் உண்டு. கழுவின நெகட்டிவ்னா ஒண்ணும் ஆகாது, தாராளமா எடுத்துட்டுப் போ.

குமார்: அந்த யாஷிகா கேமரா யார்கிட்ட இருக்கு?

பாபு சித்தப்பா: எலக்ட்ரோ 35 என்கிட்டதான். ஓடுது. அதுக்கான பாதரச பேட்டரி வர்றது நின்னப்போ போட்டோ மாமா ஒரு ஸ்பிரிங் வச்சு 6 வோல்ட் பேட்டரி போட்டுக் குடுத்தார்.

செல்வி சித்தி: கேமரா இங்க இருக்கு, ஆல்பம் எல்லாம் எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

ராஜி அத்தை: செல்வி, வீடு பிரிச்சப்போ அம்மா கையால குடுத்தாங்க. நான் தூக்கிட்டு ஓடல.

செல்வி சித்தி: நான் பொதுவாச் சொன்னேன் அண்ணி

பாபு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமார்: சித்தப்பா ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு

தீபா: ஸ்கேன் பண்ணிட்டா எல்லாருக்கும் கிடைச்சிருமே. சண்டை எதுக்கு?

பெரியப்பா: ஸ்கேன் அவர் மெஷின்லயே போடச் சொல்லலாம். கூலி வாங்கிக்கிட்டாத்தான் குடுப்போம்னு முதல்லயே சொல்லிரணும். அந்தக் கடைக்கு நாம செய்யக்கூடியது இப்ப அது ஒண்ணுதான். மாலையும் பொன்னாடையும் வச்சு என்ன பண்ணுவார்? அடுத்த தெருக்காரங்களுக்கும் சொல்லுங்க, வாங்காம விட்ட நெகட்டிவ் ரெண்டு அலமாரி நிறைய இருக்கு.

ராஜி அத்தை: அப்போ சனிக்கிழமை காலையில 11. பெரியவங்க ஒருத்தர் வரணும்.

பெரியப்பா: நான் வர்றேன். ஆனா பை என் வீட்டுக்குத்தான் வரும். என்கிட்ட ஈரத்தை உறிஞ்சுற சிலிகா ஜெல் போட்ட டப்பா இருக்கு.

செல்வி சித்தி: டப்பா நாங்களும் வாங்கிக்கலாம்.

பாபு சித்தப்பா: நான் வண்டி எடுத்துட்டு வர்றேன். மோட்டார் சரியானா.

ராஜி அத்தை: பை யாருக்குன்னு வெளியே வந்து பேசிக்கலாம். அவர் முன்னாடி யாரும் ஆரம்பிக்காதீங்க.