உதவி: ஆத்தா பேசினால் மட்டும் போனில் எழுத்து உளறலாக வருகிறது

பள்ளத்தூரான்: ஆச்சிக்குக் காது கேட்காது. எதிரில் பேசுவது திரையில் எழுத்தாக வரும் போன் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் பேசினால் சரியாக வருகிறது. எங்கள் ஆத்தா பேசினால் மட்டும் சம்பந்தமில்லாத சொற்கள். இரண்டு நாளாக ஆத்தா அழுதுகொண்டே இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவசரம்.

முகப்புத்தூண்: சிக்னல்தான். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு உள்ளே இரண்டாம் கட்டில் டவர் எடுக்காது. ஆத்தாவை முகப்புக்கு வந்து பேசச் சொல்லுங்கள்.

மானகிரி வாசகி: பாட்டிக்கு என்ன வயது? காது மெஷின் போட்டிருக்கிறாரா? எந்த ஊரில் இருக்கிறார்?

பழையவர்: நாடு, கருவி, பேசும் மொழி. இந்த மூன்றையும் எழுதாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? அரிச்சுவடி இது.

பள்ளத்தூரான்: மன்னிக்கவும். எங்களில் அக்காவைத்தான் ஆச்சி என்போம். வயது 41, நியூஜெர்சியில் இருக்கிறார். ஆத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

பழையவர்: அப்புறமென்ன, விடை அதிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி ரிலே சேவை உண்டு. 711 அழுத்தினால் நடுவில் ஓர் உதவியாளர் வருவார். இவர் தட்டுவதை அங்கே படித்துச் சொல்வார், அங்கே பேசுவதை இவருக்குத் தட்டித் தருவார். எழுத்து போனும் அதே வகைதான். பெரும்பாலும் ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான் எழுதும். தமிழைப் பேசினால், காதில் விழும் ஒலிக்கு ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிடும். சிக்னலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முகப்புத்தூண்: நடுவில் ஆளா? சீர், முறை என்று வீட்டுப் பேச்சை மூன்றாம் ஆள் கேட்பதா?

பழையவர்: கேட்டதை வெளியே சொல்லவோ குறித்து வைக்கவோ கூடாது என்று அங்கே விதியே இருக்கிறது.

முகப்புத்தூண்: விதி இருந்தால் மட்டும் மனம் விட்டுப் பேச வருமா?

தேவகோட்டை அண்ணன்: என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பாங்க், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் நான்தான் பேசுகிறேன். போன மாதம் கார்டு தொலைந்தது. கார்டுக்காரர்தான் பேச வேண்டும் என்று லைனை வைத்துவிட்டார்கள். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சொல்லை அவன் பெயரிலேயே சேர்க்கும் மூன்றாம் ஆள் கிடைத்தால் நான் கும்பிடுவேன். அந்தக் கூச்சமெல்லாம் காது கேட்கிற நமக்குத்தான்.

மானகிரி வாசகி: பள்ளத்தூரான், இதைச் செய்து பாருங்கள். ஆச்சி டேப்லெட்டில் வாட்ஸ்அப் வீடியோ கால் போட்டு, ஒலியை ஸ்பீக்கரில் வைக்கட்டும். பக்கத்தில் இன்னொரு ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைபைத் திறந்து, மொழியைத் தமிழாக மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே போனில் வைக்க வேண்டாம், கால் ஓடும்போது மைக் அதற்குக் கிடைக்காது. ஆத்தா வளவு முற்றத்துப் பக்கம் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசட்டும். எழுத்து தப்பினாலும் உதட்டைப் பார்த்து ஆச்சி பிடித்துக்கொள்வார்.

பள்ளத்தூரான்: நேற்று இரவு செய்தோம். "என்னத்தா, சாப்பிட்டியா" அப்படியே வந்தது. கந்தரப்பம் மட்டும் "கந்தர் அப்பம்" என்று வந்தது. ஆச்சி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். நன்றி.