தொட்டி மட்டும் வாய் திறக்கவில்லை: எம்க்யூடிடி புதிதாகப் பழகுகிறேன், உதவி வேண்டும்

ஜெனி_தங்கச்சிமடம்

வணக்கம். எங்களுக்குத் தங்கச்சிமடத்தில் சின்னதாக இரண்டு ஐஸ் அறையும், நண்டை உயிரோடு போட்டு வைக்கிற கடல்நீர்த் தொட்டி ஒன்றும் உண்டு. ஒரு ராத்திரி கரன்ட் போய் அறையில் இருந்த மீன் முழுக்கக் கெட்டுப்போனது. அதிலிருந்து அப்பா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அவரைத் தூங்க வைக்கத்தான் கருவிகள் தங்களுக்குள் சின்னச் செய்தி அனுப்பிக்கொள்ளும் இந்த எம்க்யூடிடி முறையில் இறங்கினேன்.

மூன்று இடத்திலும் ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டும் டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரும். வீட்டில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அதில் செய்திகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற மஸ்கிட்டோ புரோக்கர். போர்டுகள் வெப்பத்தை அதற்குப் பப்ளிஷ் செய்யும், அதாவது அனுப்பும். ராஸ்பெரி பையில் இரண்டு பைத்தான் புரோகிராம்கள் சப்ஸ்கிரைப் செய்யும், அதாவது கேட்டு வாங்கும்: ஒன்று குறித்து வைக்க, இன்னொன்று அளவு தாண்டினால் அப்பா போனுக்குச் சொல்ல. செய்தி எந்தத் தலைப்பில் போகிறது என்று சொல்கிற டாப்பிக் பெயரைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். அறை/1/வெப்பம், அறை/2/வெப்பம், தொட்டி/1/வெப்பம்.

முதல் நாள் போர்டு எதுவும் சேரவே இல்லை. அதை நானே கண்டுபிடித்தேன். மஸ்கிட்டோ 2.0 முதல், கான்ஃபிக்கில் ஒன்றும் எழுதாவிட்டால் அந்த மெஷினுக்குள் இருக்கிறவர்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறது. லிசனர் 1883 என்று ஒரு வரியும் ஒரு பாஸ்வேர்டு ஃபைலும் போட்டதும் வழிவிட்டது.

இப்போது இரண்டு தொல்லை.

ஒன்று, ஒரே போர்டு ஓடினால் ராத்திரி முழுக்க ஒழுங்காக வருகிறது. இரண்டாவதை ஆன் செய்ததும் இரண்டும் மாறி மாறி அறுந்துபோகிறது. ஐஸ் அறைத் தகரச் சுவர்தான் காரணம் என்று நினைத்துப் புது ரவுட்டரே வாங்கிவிட்டேன். பலன் இல்லை.

இரண்டு, தொட்டி போர்டை மட்டும் தனியாக ஓட்டினாலும் என் புரோகிராமுக்கு அதிலிருந்து ஒரு எண்கூட வருவதில்லை. எரரும் இல்லை.

கீழக்கரை_கோடர்

முதல் தொல்லைக்கு ரவுட்டர் கடைக்குப் போயிருக்க வேண்டாம், தங்கச்சி. மஸ்கிட்டோ நடந்ததை எழுதி வைக்கிற லாகைத் திறந்து பாருங்கள். ‘ஆல்ரெடி கனெக்டட், க்ளோசிங் ஓல்ட் கனெக்‌ஷன்’ என்று வரிசையாக இருக்கிறதா? இருந்தால், மூன்று போர்டுக்கும் ஒரே கோடை ஏற்றியிருக்கிறீர்கள். போர்டு புரோக்கரிடம் சொல்கிற பெயரான கிளையன்ட் ஐடியும் ஒன்றாகவே இருக்கும்.

மீன்துறை டோக்கனுக்கு ஒரே பதிவெண்ணோடு இரண்டு படகு வந்து நின்றால் இரண்டாவது ஆளைத்தான் பிடித்துக் கேட்பார்கள். புரோக்கர் அதற்கு நேர்மாறு. புதிதாக வந்தவனை உள்ளே விட்டுவிட்டு, இருந்தவனை வெளியே தள்ளும். தள்ளப்பட்டவன் ஐந்து நொடி கழித்துத் திரும்ப வருவான், இப்போது இவன் வெளியே போவான். விடிய விடிய இதே கூத்துதான். போர்டுக்கு ஒரு ஐடி என்று மாற்றுங்கள்.

ஜெனி_தங்கச்சிமடம்

அண்ணே, அப்படியே இருக்கிறது! லாக் முழுக்க அந்த ஒரே வரிதான். மூன்றிலும் நான் பார்த்துப் பழகிய வீடியோவில் இருந்த ஐடியை அப்படியே விட்டிருக்கிறேன். மாற்றிவிட்டேன், இரண்டு அறையும் அரை மணி நேரமாக அசையாமல் நிற்கிறது. ரவுட்டர் விஷயத்தை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தொட்டி இன்னும் வரவில்லை.

தொண்டிக்காரன்

தொட்டிப் போர்டு அனுப்பும் செய்தி பெரிதா? போர்டில் எம்க்யூடிடிக்குப் போடுகிற பப்சப்கிளையன்ட் லைப்ரரியில் பாக்கெட் அளவு சும்மா விட்டால் 256 பைட்தான். தாண்டினால் சத்தமில்லாமல் அனுப்பாமல் இருந்துவிடும். அல்லது உப்புத்தண்ணீர் சென்சார் ஒயருக்குள் இறங்கியிருக்கும். எனக்கு இரண்டு சென்சார் அப்படித்தான் போனது.

ஜெனி_தங்கச்சிமடம்

செய்தி வெறும் ‘26.5’ தான் அண்ணே. போர்டைக் கேபிளில் சேர்த்துப் பார்க்கிற சீரியல் மானிட்டரில் எண்ணும் சரியாகத்தான் ஓடுகிறது.

பழைய_சர்வர்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இந்த முறையில் முதலில் பழக வேண்டியது ஒன்று உண்டு: யாரும் உங்களிடம் வந்து ‘தப்பு’ என்று சொல்லப்போவதில்லை. அனுப்புகிறவருக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. கேட்கிறவருக்கு யார் அனுப்புகிறார்கள் என்று தெரியாது. ஆளே இல்லாத டாப்பிக்குக்கு அனுப்பினாலும் புரோக்கர் வாங்கிக்கொள்ளும். யாரும் அனுப்பாத டாப்பிக்கைக் கேட்டாலும் ‘சரி’ என்று சொல்லும். படகில் விஎச்எஃப் ரேடியோ செட்டைத் தப்பான சேனலில் வைத்துக்கொண்டு ‘ஏன் யாரும் பேசவில்லை’ என்று உட்கார்ந்திருப்பதைப் போலத்தான்.

ஆகவே யூகத்தை எல்லாம் விட்டுவிட்டு, மஸ்கிட்டோ சப் கட்டளையில் டாப்பிக்காக வெறும் # போட்டு, டாப்பிக் பெயரும் தெரிகிற மாதிரி ஓடவிடுங்கள். புரோக்கரைக் கடக்கிற எல்லாமே தெரியும். தொட்டி அதில் வருகிறதா?

கீழக்கரை_கோடர்

விஎச்எஃப் உவமை பாதிதான் பொருந்தும் அண்ணே, அங்கே நடுவில் புரோக்கர் கிடையாதே. மற்றபடி # யோசனை சரி.

ஜெனி_தங்கச்சிமடம்

வருகிறது! பத்து நொடிக்கு ஒரு தரம் ‘தொட்டி/1/வெப்பம் 26.5’ என்று கண் முன்னால் ஓடுகிறது. ஆனால் பக்கத்து விண்டோவில் என் புரோகிராமுக்கு ஒன்றும் வரவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டும் ஒன்றுதான். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பழைய_சர்வர்

கண்ணை நம்ப வேண்டாம். புரோகிராமில் இருக்கிற ‘தொட்டி’ என்ற சொல்லை மட்டும் எடுத்து, பைத்தானில் லென் போட்டு நீளம் என்ன என்று சொல்லுங்கள். போர்டு அனுப்பும் டாப்பிக்கில் இருக்கிற ‘தொட்டி’யையும் எடுத்து அதற்கும் லென் போடுங்கள்.

ஜெனி_தங்கச்சிமடம்

போர்டு அனுப்புவது 6. என் புரோகிராமில் 7!!

பழைய_சர்வர்

அதேதான். யூனிகோடில் ‘தொ’வை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக வைக்கலாம், அப்போது த, ொ, ட, புள்ளி, ட, ி என்று ஆறு. கொம்பு தனி, கால் தனி என்று வைத்தால் ஏழு. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பைட்டில் ஒன்று 18, இன்னொன்று 21. புரோக்கர் பைட்டைத்தான் பார்க்கும். டாப்பிக் பெயரைத் திருத்தவோ ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவோ கூடாது என்றே எம்க்யூடிடி விதி சொல்கிறது. புரோக்கருக்கு இவை இரண்டும் வேறு வேறு தொட்டி.

‘அறை’ தப்பித்துக்கொண்டது, ஏனென்றால் ஐகாரக் குறிக்கு ஒரே குறியீடுதான். அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்து ஒட்டினீர்கள்?

ஜெனி_தங்கச்சிமடம்

சித்தப்பாவின் சரக்குப் பட்டியலில் இருந்து! அது பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தது. ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி ஒட்டினேன். போர்டு கோடில் மட்டும் கையால் தட்டினேன்.

இப்போது புரோகிராமிலும் கையால் தட்டிவிட்டேன். வந்துவிட்டது. 26.5.

தொண்டிக்காரன்

இதற்குத்தான் டாப்பிக் பெயரை ஆங்கில எழுத்தில் வை என்று எல்லாரும் சொல்வது.

பழைய_சர்வர்

அவசியமில்லை தம்பி. டாப்பிக் யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில்தான் போகிறது, தமிழ் தாராளமாக நிற்கும். பைத்தானில் யூனிகோட்டேட்டா நார்மலைஸ் என்று ஒன்று இருக்கிறது, என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சப்ஸ்கிரைப் செய்தால் கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். பெயர்களை ஒரே ஃபைலில் வைத்து எல்லாரும் அங்கிருந்து எடுத்தால் இன்னும் நல்லது.

ஜெனி_தங்கச்சிமடம்

இன்னொரு கேள்வி, கோபிக்க வேண்டாம். கடையில் பழைய டேப்லெட் ஒன்றில் மூன்று எண்ணையும் காட்டுகிறேன். இப்போது போர்டுகளை மாற்றிவிட்டேன், வெப்பம் அரை டிகிரி மாறினால்தான் அனுப்பும். காலையில் டேப்லெட்டை ஆன் செய்தால் வெகுநேரம் வெறுமையாகக் கிடக்கிறது.

கீழக்கரை_கோடர்

பப்ளிஷ் செய்யும்போது ரீட்டெய்ன் கொடியைப் போடுங்கள். அந்த டாப்பிக்கின் கடைசிச் செய்தியைப் புரோக்கர் வைத்துக்கொண்டு, புதிதாக யார் சப்ஸ்கிரைப் செய்தாலும் உடனே கையில் கொடுக்கும். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு மாதிரி. ஏற்றிய நேரத்தில் நீங்கள் அங்கே நின்றிருக்க வேண்டியதில்லை, எப்போது போய்ப் பார்த்தாலும் தொங்கும்.

ஆனால் இறக்குகிற வரைக்கும் தொங்கும். அதில்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். போர்டு செத்துக் கிடந்தது, திரையில் மட்டும் ஒரு நாள் முழுக்க –18 என்று அழகாகக் காட்டிக்கொண்டே இருந்தது. உங்கள் வீட்டில் கரன்ட் போய் மீன் கெட்டது என்கிறீர்கள், கரன்ட் போனால் போர்டும்தானே சாகும்? அதனால் லாஸ்ட் வில் என்ற உயிலைக் கட்டாயம் வையுங்கள். போர்டு சேரும்போதே புரோக்கரிடம் ‘நான் சொல்லாமல் போய்விட்டால் அறை/1/நிலை என்ற டாப்பிக்கில் “இல்லை” என்று போடு’ எனக் கொடுத்து வைப்பது. சேர்ந்ததும் போர்டே அங்கே ‘இருக்கிறேன்’ என்று போடட்டும். இரண்டுக்கும் ரீட்டெய்ன். அந்தப் பப்சப்கிளையன்ட் லைப்ரரியில் கீப் அலைவ், அதாவது போர்டு ஏதாவது சொல்ல வேண்டிய இடைவெளி, 15 நொடி. அதைப் போல ஒன்றரை மடங்கு நேரம் சத்தமே இல்லை என்றால் புரோக்கர் உயிலைப் படித்துவிடும். ராஸ்பெரி பைக்கும் ரவுட்டருக்கும் பேட்டரி இருக்க வேண்டும், அது முக்கியம்.

பழைய_சர்வர்

இந்த எம்க்யூடிடியே 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க எழுதியதுதான். லைன் அடிக்கடி போகும் என்று நினைத்தே செய்தது. நம் ஊர் சிக்னலுக்கு வாகாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஜெனி_தங்கச்சிமடம்

லாஸ்ட் வில் வேலை செய்கிறது. போர்டு பிளக்கைப் பிடுங்கினேன், இருபது நொடி சொச்சத்தில் அப்பா போன் அலறியது. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. # போட்டுப் பார்த்தால் ‘தொட்டி/1/வெப்பம்’ இரண்டு வரி வருகிறது. ஒன்றில் 26, இன்னொன்றில் 99. அந்த 99 நேற்று நான் கையால் ரீட்டெய்னோடு அனுப்பிப் பார்த்த சோதனை. பெயரைச் சித்தப்பா பட்டியலில் இருந்து மறுபடி ஒட்டிவிட்டேன் போல.

பழைய_சர்வர்

ஏழெழுத்துத் தொட்டி. அதே பட்டியலில் இருந்து அதே பெயரை ஒட்டி, ரீட்டெய்னோடு வெற்றுச் செய்தி ஒன்று அனுப்புங்கள். கூண்டு இறங்கிவிடும். இந்த முறை மட்டும் கையால் தட்ட வேண்டாம், நல்ல தொட்டியின் எண் அழிந்துவிடும்.

ஜெனி_தங்கச்சிமடம்

இறங்கிவிட்டது. இப்போது ஒரே தொட்டிதான்.