கஸ்டர்ட் பவுடரும் வெண்கல முகமூடியும்

லண்டனில் படித்த காலத்தில் வார இறுதிகளில் விருந்து மண்டபங்களில் பரிமாறப் போவேன். ஓர் ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை சிஸ்வெல் தெருவில் இருக்கும் 'தி புரூவரி'க்கு அனுப்பினார்கள். அன்று அங்கே பாஃப்டா (பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சிக் கலை அகாதமி) தரும் டெலிவிஷன் கிராஃப்ட் விருது விழா. படத்தொகுப்பு, ஒலி, உடை, ஒப்பனை, அரங்க அமைப்பு என்று திரைக்குப் பின்னால் உழைப்பவர்களுக்கு 2000-இலிருந்து தனியாக நடத்துகிறார்கள். எழுத்தாளரும் இயக்குநரும்கூட இதில்தான் விருது வாங்குகிறார்கள்.

என் மேசையில் வயதான ஒருவர் இருந்தார். தண்ணீர் ஊற்றும்போது பேச்சுக் கொடுத்தார். "டிவியில் பனிக்கரடி நடப்பதைப் பார்த்திருக்கிறாயா? அந்தக் காலடிச் சத்தம் என்னுடையது" என்றார். கரடியைத் தொலைவில் நின்று பெரிய லென்ஸில் எடுக்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து மைக் அந்தச் சத்தத்தைப் பிடிக்காது. அதனால் ஸ்டுடியோவில் காலுறைக்குள் கஸ்டர்ட் பவுடரை அடைத்து, படத்தைப் பார்த்துக்கொண்டே அமுக்குவாராம். கைத்துண்டைச் சுருட்டி மேசைமேல் செய்தே காட்டினார். முதலில் கனம் இறங்குகிறது, அப்புறம்தான் பனி நொறுங்குகிறது. "நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியை விட்டால் கரடி நாயாகிவிடும்" என்றார்.

பக்கத்தில் இருந்த பெண் அன்று விருது வாங்கியவர். பாஃப்டா விருது முகமூடி வடிவத்தில் இருக்கும். தட்டைக் கீழே வைக்கச் சொல்லி, அந்த முகமூடியை என் கையில் கொடுத்தார். வெண்கலம், மூன்றரைக் கிலோவுக்கு மேல். 1955-இல் மிட்ஸி கன்லிஃப் என்ற சிற்பி வடிவமைத்தது. திருப்பிப் பார்த்தால், ஒரு கண்ணைச் சுற்றி மின்னணுக் குறி, இன்னொரு கண்ணைச் சுற்றித் திரை. மேடையில் தூக்கிக் காட்டும்போது அந்தப் பக்கம் தெரிவதே இல்லை.

மறுநாள் ஒரு டப்பா கஸ்டர்ட் பவுடர் வாங்கிப் பழைய சாக்ஸில் கொட்டி அமுக்கினேன். அதே சத்தம்! இப்போதெல்லாம் கடைசியில் ஓடும் பெயர்களை முழுசாகப் படிக்கிறேன். பல சேனல்கள் அதை ஒரு மூலையில் சுருக்கிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் போடும்போது வயிறு எரிகிறது.

நீங்கள் யாராவது இப்படிப்பட்டவர்களைச் சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

*

பதில் 1:

நான் தையல்காரர். நாடகங்களுக்கு உடை தரும் ஓர் இடத்தில் ஆறு மாதம் வேலை பார்த்தேன். முந்தின நாள் நான் தைத்து முடித்த கோட்டை ஓர் அம்மா எடுத்து, சீஸ் துருவியால் முழங்கையைத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அப்புறம் துணியை நனைத்து, வலது பையில் மட்டும் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டார். கேட்டேன். "இந்த ஆள் வலது கையைப் பையிலேயே வைத்திருப்பவன், பத்து வருஷமாக இதே கோட்டு" என்றார். மாலைக்குள் அது என் கோட்டாக இல்லை, அந்த ஆளுடைய கோட்டாகிவிட்டது.

*

பதில் 2:

நான் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருக்கிறேன். எங்கள் ஊரில் பிறந்த டெலியா டெர்பிஷயர் பெயரில் இங்கே ஒரு தெரு உண்டு. 1963-இல் பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் முகப்பிசைக்கு உருவம் கொடுத்தவர். மெட்டு இசையமைப்பாளர் ரான் கிரெய்னருடையது. அதை ஒவ்வொரு ஒலியாக நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டிச் சேர்த்தது டெலியா. வருமானத்தில் பாதி அவருக்குச் சேர வேண்டும் என்று கிரெய்னரே விரும்பினார், பிபிசியின் விதி இடம் தரவில்லை. டெலியா 2001-இல் இறந்தார். அவர் பெயர் அந்தத் தொடரில் திரையில் வந்தது 2013-இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில்தான். நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஒருநாள் அந்தத் தெருப் பலகையை மகளுக்குக் காட்டி, அந்த இசையை வாயாலேயே பாடினேன். இப்போது அந்தப் பக்கம் போனாலே அவள் முந்திக்கொண்டு தொடங்கிவிடுகிறாள்.