வணிக வழக்கு வக்கீலின் அனுபவத்தை எப்படிச் சரிபார்ப்பது?

வணக்கம். திருப்பூரில் நூல் வியாபாரம் செய்கிறோம். ஒரு பனியன் கம்பெனி 18 லட்ச ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. கடைசி பில் 2023 நவம்பர். வழக்குப் போடுவதற்கான 3 வருடக் கெடு நெருங்குகிறது. வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அவர்கள் வரவே இல்லை. இனி வணிக நீதிமன்றம்தான்.

ஒரு வக்கீலைச் சிபாரிசு செய்தார்கள். பார் கவுன்சில் பதிவு எண் சரியாக இருக்கிறது. நீதிமன்ற வழக்கு விவரங்களைப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். வந்ததெல்லாம் செக் பவுன்ஸ் வழக்குகள், அதிலும் அதே பெயருள்ள இன்னொருவருடையதும் கலந்திருக்கிறது. ஜூனியரைக் கேட்டால் "சார் எல்லாக் கேஸும் பார்ப்பார்" என்கிறார். வணிக வழக்கில் கையிலுள்ள ஆவணங்களை எல்லாம் பிராதுடனேயே (வழக்கைத் தொடங்கும் மனு) கொடுத்துவிட வேண்டும். பிறகு சேர்ப்பது கஷ்டம். அதனால்தான் இந்த வகை வழக்கில் பழக்கமில்லாதவரிடம் வழக்குக் கட்டைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

வணிக வழக்கைக் குறுக்கு விசாரணை தாண்டித் தீர்ப்பு வரை நடத்தியவரா என்று உறுதி செய்ய, அவரிடம் எதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்?