புதுப்பிப்பு: டி0-வில் பூஜ்யம் மட்டுமே வந்த கதை முடிந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: மிட்சுபிஷி எஃப்எக்ஸ்2என் பிஎல்சியில் (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) பிரஷர் டிரான்ஸ்மிட்டரின் 4-20 மில்லிஆம்ப் சிக்னல் நன்றாக வந்துகொண்டிருந்தது, பேனலில் ஒரு அனலாக் அவுட்புட் மாட்யூல் (4டிஏ) சேர்த்த பிறகு, அளந்த மதிப்பு வந்து சேரும் டி0 ரெஜிஸ்டரில் பூஜ்யம் மட்டுமே. வயரிங், டிரான்ஸ்மிட்டர் இரண்டும் சரி.

தவறு என் புரோகிராமில்தான். சிக்னலை வாங்கும் அனலாக் இன்புட் மாட்யூலான 4ஏடி, அளந்த மதிப்பைத் தன் பஃபர் மெமரியில் வைத்திருக்கும். சிபியு அதை ஃப்ரம் கட்டளை போட்டு எடுத்து வர வேண்டும், மாட்யூலில் எழுத டூ கட்டளை. இரண்டிலும் முதலில் வருவது மாட்யூல் எண். அந்த எண் மாட்யூலோடு ஒட்டிப் பிறந்ததில்லை. சிபியுவுக்குப் பக்கத்தில் இருப்பது 0, அடுத்தது 1, இப்படி 7 வரை. சாதாரண இன்புட், அவுட்புட் மாட்யூல்கள் கணக்கில் வராது. புதிய 4டிஏ-வை நடுவில் செருகியதால் பழைய 4ஏடி 1 ஆகிவிட்டது.

பஃபர் 30-ஐப் படிக்கச் சொன்ன நண்பருக்குப் பெரிய நன்றி. அங்கேதான் அடையாள எண் இருக்கும்: 4ஏடி என்றால் 2010. எனக்கு வந்தது 3020, அதாவது 4டிஏ! 4ஏடி-யில் பஃபர் 5 முதல் சேனலின் சராசரி; 4டிஏ-வில் அதே 5, பிஎல்சி நின்றால் அவுட்புட்டை அப்படியே வைத்திருப்பதா என்று சொல்லும் ஹோல்டு செட்டிங், அதன் தொடக்க மதிப்பே 0. எர்ரர் எதுவும் வராமல் பூஜ்யம் வந்தது அதனால்தான்.

ஃப்ரம் வரியை மட்டும் மாற்றினால் போதாது. சேனலை 4-20-க்கு அமைக்கும் எச்3331-ஐ எழுதும் டூ வரியும் தவறான மாட்யூலுக்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டிலும் மாட்யூல் எண்ணாக இருந்த கே0-வை கே1 ஆக்கினேன். இப்போது டி0-வின் மதிப்பு 0 முதல் 1000 வரை அழகாக நகர்கிறது. பவர் ஆன் ஆனதும் அடையாள எண்ணைச் சரிபார்க்கும் ஒரு வரியும் சேர்த்துவிட்டேன்.