தருமபுரி பழைய வீடு விற்கவில்லை, இரண்டு வீட்டுக்கும் வரி: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன ஆகஸ்டில் கிருஷ்ணகிரியில் கடன் வாங்கி ஒரு வீடு வாங்கினோம், தருமபுரி வீட்டை மூன்று மாதத்தில் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையில். இன்னும் விற்கவில்லை. வந்து பார்ப்பவர்கள் எல்லாரும் சந்துக்குள் கார் வராது என்று சொல்லி விலையில் பெரிதாகக் குறைக்கச் சொல்கிறார்கள், அப்பா கட்டிய வீடு, மனசு வரமாட்டேன் என்கிறது.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், அதோடு இங்கே மாதத் தவணை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது, அதை விடாமல் வாங்கிவிடுகிறேன். வருமான வரியில் பிரச்சினை இல்லை, இரண்டு வீடு வரை சொந்த உபயோகம் என்று காட்டலாம்.

என் பயம் வேறு. பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால், புது வீட்டை விற்பனைக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும். ஆகஸ்ட் தாண்டினால் அந்த வீட்டைக் காட்ட முடியாது, லாபத்தில் 12.5 சதவீதம் போய்விடும்.

அதனால் கேட்கிறேன்: காலி வீடு என்று நகராட்சியில் மனு கொடுத்து சொத்து வரியைக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன காகிதம் கேட்டார்கள்? அப்புறம், விலையைக் குறைத்து ஆகஸ்டுக்குள் முடிப்பதா, வாடகைக்கு விட்டுப் பொறுமையாக இருப்பதா? தருமபுரியில் சமீபத்தில் வீடு விற்ற அண்ணன், அக்காக்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.